ஒன்றும் விளையாத ஊர்

நம் வயதுக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள். இங்கிலாந்தில் தொழிற்புரட்சி ஏன் வந்தது என்று இன்றைக்கும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். நிலக்கரி இருந்தது, இரும்பு இருந்தது, துறைமுகம் இருந்தது, மூலதனம் இருந்தது, ஆலை வேலைக்கு ஆள் கிடைத்தது. பெரிய வாத்தியார் ஸ்கேலால் மேசையில் தாளம் தட்ட, நாம் ராகம் போட்டுப் படித்த பாட்டு அது. ஆள் எங்கிருந்து கிடைத்தது என்பதற்கும் அதில் வரி உண்டு. பெரிய நிலக்காரர்கள் வயல்வெளிகளுக்கு வேலி போட்டார்கள், சிறு குடியானவர்கள் நிலத்தை இழந்து ஆலைகளுக்குப் போனார்கள். ஐந்து மார்க் கேள்வி. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஐந்துக்கு ஐந்து வாங்கியவர்கள்.

வாங்கி என்ன? மார்க் வாங்கிய கை காயும் முன்னால் நம் ஊரைச் சுற்றியும் கல் நட்டுவிட்டார்கள்.

உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸில் கழுத்து தொங்கத் தூங்குகிற அண்ணன்மார்களுக்கு, லைனில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட தோழிகளுக்கு, என்னைப்போல் கண்ணாடி இல்லாமல் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாதவர்களுக்கு. யார் பேரையும் சொல்லப் போவதில்லை. ஊரில் இன்னும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்தாக வேண்டும்.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். அப்போது அந்தச் சாலைக்கு ஒரு பஸ் எதிரே வந்தால் மாட்டுவண்டி மண்ணில் இறங்கி வழிவிட வேண்டிய அகலம்தான். பள்ளிக்கூடம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் ஒரே அறை, நடுவில் சுவருக்குப் பதில் ஒரு கரும்பலகையை நிறுத்தியிருந்தார்கள். நான் ஆறாவது, அக்கா எட்டாவது. அவளுடைய பாடமெல்லாம் செலவில்லாமல் என் காதிலும் விழும். ஜன்னலுக்கு வெளியே கழனி. நடவு நாட்களில் சேற்று வாசனையும் சத்துணவுக் கூடத்துச் சாம்பார் வாசனையும் சேர்ந்தே உள்ளே வரும்.

சுவரில் துணியில் அச்சடித்த உலக வரைபடம் ஒன்று தொங்கியது. எலி கடித்ததில் ஐரோப்பாவின் மேல் மூலையில் ஒரு ஓட்டை. லண்டன் எங்கே என்று பெரிய வாத்தியார் கேட்டால் அந்த ஓட்டைக்குள் விரலை விட வேண்டும், அதுதான் சரியான விடை. அவர் தெற்கத்திக்காரர். நல்ல மனிதர், அடிக்க மாட்டார். உலகம் முழுவதும் தெரிந்தவர். எங்கள் ஊர் ஏரிக்கரை மேல் மட்டும் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. செருப்பில் சேறு ஒட்டும் என்பார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் புது டீச்சர் வந்தார். வாலாஜாபாத்திலிருந்து பஸ். மஞ்சள் பூப்போட்ட குடை, தோளில் பை, பைக்குள் இரண்டு அடுக்கு டிபன் கேரியர். சமூக அறிவியல் அவருக்கு. வந்த அன்றே எட்டாவதைப் பார்த்து, "உங்க ஊர் ஏரிக்கு எத்தனை மதகு?" என்று கேட்டார். எல்லாருக்கும் தெரியும். மதகின் மேல் ஏறித் தண்ணீரில் குதிக்காத பிள்ளை யாரும் இல்லை. ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி, பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். கடைசியில் அக்காதான் எழுந்து சொன்னாள். தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் எங்கே, எந்த வாய்க்கால் எந்தக் கழனிக்குப் போகிறது என்பதையும் கூடவே சொன்னாள். அன்றிலிருந்து டீச்சருக்கு அக்கா என்றால் உயிர்.

ஆண்டு விழாவுக்கு 'நம் ஊர் வரலாறு' என்று ஒரு கண்காட்சி வைக்கப் போவதாக டீச்சர் சொன்னபோது பெரிய வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. கரும்பலகைக்குப் பின்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"இந்தப் புள்ளைங்க இந்த ஊர விட்டு வெளிய போகணும்மா. அதுக்கு வெளி உலகம் தெரியணும். ஏரிக்கு எத்தன மதகுன்னு எந்த இண்டர்வியூல கேக்கான்?"

"தன் ஊருக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாத பிள்ளை வெளிய போய் என்ன சார் செய்யும்?"

"போர்ஷன் பாக்கி கெடக்கு. தொழிற்புரட்சியே இன்னும் முடிக்கல."

"முடிச்சிடலாம் சார். அது எங்கயும் ஓடாது."

இத்தனை வருஷம் நானும் ஊர்ப்புற நூலகத்தில் குப்பை கொட்டியாயிற்று. இந்த மாதிரிச் சண்டையைப் பல புத்தகங்களில் படித்துவிட்டேன். உள்ளூர் வரலாறா, உலக வரலாறா என்று பெரிய பெரிய ஆட்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரன் தன் வரலாற்றைக் கேட்டால் உண்மையைச் சொல்லுவானா என்று மட்டும் யாரும் எழுதிக் காணோம். டீச்சருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அரசாங்கக் கணக்குக்கு அடங்கல் என்று பெயர். அதை எழுதுகிறவர் வி.ஏ.ஓ. ஆகிவிட்ட பிறகும் எங்களுக்கு அவர் கணக்கப்பிள்ளைதான். கழனிப் பக்கம் போக மாட்டார். பெட்டிக்கடைப் பந்தலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டே ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேட்பார்.

"இன்னா போட்டுக்கீற?"

"இன்னா சார் போடறது, தண்ணி எங்க கீது? கரம்பாத்தான் கெடக்குது."

அவர் தரிசு என்று எழுதிக்கொள்வார். விளைகிறது என்று சொன்னால் வரி ஏறும், வறட்சி நிவாரணம் நின்றுபோகும், கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆகாது. தாத்தன் காலத்திலிருந்து வந்த பாடம் இது. எங்கள் ஊரில் குழந்தைக்குப் பேச்சு வந்ததும் கற்றுக்கொடுப்பது இதைத்தான் என்று அம்மா கேலி செய்வாள். அடங்கல் எழுதி முடித்த கணக்கப்பிள்ளையின் வண்டியில், ஒன்றும் விளையாத எங்கள் கழனியிலிருந்து ஒரு மூட்டை நெல் ஏறும். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். ஆளுக்கு ஆள் சிரித்துக்கொள்வார்கள். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

உண்மையில் அந்தக் கழனி மூன்று போகம் பார்த்த பூமி. மழைக்குச் சம்பா, தை பிறந்தால் நவரை, ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்தால் கோடையில் சொர்ணவாரி. சொர்ணவாரிப் பச்சரிசியில் அம்மா சுடும் அடையின் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் கை வைத்தால் பஞ்சு. இப்போது பாக்கெட்டில் வருகிற எந்த அரிசியும் அப்படி வரவில்லை. என் நாக்கு கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்துப் பார்க்கிறேன்.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் டீச்சர் கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு, பின்னால் பிள்ளைகளோடு வீடு வீடாகக் கேட்கப் போனார். அக்கா முன்னால், நான் கடைசியில். டீச்சரைப் பார்த்ததும் ஆண்கள் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். மரியாதை என்று டீச்சர் நினைத்தார்.

"உங்க நிலத்துல முன்னாடி எல்லாம் என்ன பயிர் வைப்பீங்க?"

"இன்னா டீச்சர் வெளையப்போவுது இங்க? களர் பூமி. ஏரி தூர்ந்துபோச்சு."

"உங்க அப்பா காலத்துல?"

"அப்பவும் அதே கதிதான்."

சொன்னவருக்குப் பின்னாலேயே மலை போல வைக்கோல் போர். டீச்சர் குடையை மடக்கி அதைக் காட்டினார். "அப்ப இது?"

"அதுவா? மாட்டுக்கு. வாலாஜாபாத்லேர்ந்து வாங்கியாந்தது."

"நான் வாலாஜாபாத்துங்க. அங்கேர்ந்து இங்க வைக்கோல் வந்து நான் பார்த்ததில்லையே."

அவர் அதற்கும் அசரவில்லை. "வேற வழியா வரும் டீச்சர்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

காலனிக்கும் போக வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். அக்கா போனாள், அவள் போனதால் நானும். எங்கள் கழனியில் நடவு நடுகிற அம்மா ஒருத்தர் வாசலில் முறுக்கிய வைக்கோலால் பானை கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் ஊரிலேயே முதலாவதாக உண்மையைச் சொன்னவர்.

"வெளையலயா? யாரும்மா சொன்னது? சம்பா நட்டுட்டு நிமிந்தா நவரை வந்துடும். வருசத்துல பாதி நாளு எங்க கால் வெரல்ல சேத்துப்புண்ணு ஆறாது. இத பாரு."

அவர் காலை நீட்டிக் காட்டினார். டீச்சர் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார். மறுநாள் எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் காலனிக்குப் போய் அந்த அம்மாவிடம் என்ன பேசினார்களோ தெரியவில்லை. அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "நான் வேற ஊரு கழனிய சொன்னேன் டீச்சர், அத்த அடிச்சுடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சரின் முகத்தைத் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குள் ஊரில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மூன்று கால் ஸ்டாண்டு வைத்த கருவியோடு ஆட்கள் வந்து ஏரிக்கு அந்தப் பக்கம் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். தண்டலம் பக்கமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கம்பெனி வருகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்தான். ஆனால் அது அங்கே, நமக்கு வரிதான் கூட்டப் போகிறார்கள் என்று ஊரே முடிவு கட்டியது. எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல் இதில்தான். வருகிறவன் எதற்கு வருகிறான் என்று ஒருத்தர் விசாரித்திருக்கலாம். தாத்தன் காலத்துப் பகையாளியே இப்போதும் வருகிறான் என்று நினைத்து, தாத்தன் சொன்ன பொய்யையே சொன்னார்கள். ஒன்றும் விளையாத பூமியைத்தான் கம்பெனிக்கு இடம் பார்க்க வந்தவர்கள் தேடினார்கள்.

கண்காட்சிக்கு நாங்கள் களிமண்ணால் ஏரி செய்தோம். மதகுகளுக்குத் தீப்பெட்டி, வாய்க்காலுக்குப் பப்பாளித் தண்டு. மேலே சொம்பில் தண்ணீர் ஊற்றினால் மதகு வழியாக இறங்கி ஒவ்வொரு கழனிக்கும் பிரிந்து ஓடும். கழனிக்குத் தூவுவதற்கு டீச்சர் வாலாஜாபாத்திலிருந்து பச்சைக் கோலப்பொடி வாங்கி வந்திருந்தார். அதைத் தூவுவதற்கு முன் அப்பாவும் இன்னும் சிலரும் பார்க்க வந்தார்கள். அப்பா குனிந்து, தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகப் பார்த்தார். பிறகு, "பச்ச வேணாம் டீச்சர். செம்மண்ணு தூவச் சொல்லுங்க. உள்ளது உள்ளபடி இருக்கணும்ல," என்றார்.

"நான் தினம் பஸ்ஸுல வரேங்க. ரெண்டு பக்கமும் பச்சையாத்தானே தெரியுது?"

"அது கோரைப்புல்லு," என்றார் அப்பா. கூட வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். களிமண் ஏரியிலிருந்து அத்தனை வாய்க்காலிலும் தண்ணீர் ஓடி, செம்மண் தூவிய கழனிகளில் போய்ச் சேர்ந்தது.

விழாவில் ஊர் வரலாற்றைப் பேசப் போவது அக்கா என்பதால் அப்பாவுக்கு அவள்மேல்தான் கண். அவள் சொந்தமாகத் தயார் செய்து, கிணற்றடியில் எனக்குப் பேசிக் காட்டியிருந்தாள். மூன்று போகத்தையும் சொல்லி, நாற்றுக்கட்டு தூக்கினால் தலையில் எப்படித் தண்ணீர் சொட்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. நாம் புத்தகத்தில் படித்த எதைவிடவும் அது நன்றாக இருந்தது என்று இப்போதும் சத்தியம் செய்வேன். அப்பா கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேசினார்.

"நல்லாத்தான் கீது பாப்பா. ஆனா விழாவுக்குத் தாலுக்கா ஆபீசு பெரிய அதிகாரி வரார். அவரு எதிர இத்தப் பேசினா ஊரு தாங்குமா?"

"பொய் சொல்லச் சொல்றியாப்பா?"

"கெவுர்மெண்டுகிட்ட சொல்றது பொய்யில சேராது. நம்ம கழனி நம்மகிட்ட நிக்கணும்னா நாமதான் வாய கட்டணும். அப்பா உன் நல்லதுக்குத்தான சொல்லுவேன்?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி, "பொண்ண ஏன் இழுத்துவுட்ற, உனக்கு வாய் இல்லியா?" என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. அக்கா அப்பாவின் செல்லப் பெண். அவர் சொன்னதை நம்பினாள். கழனியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் அவள் மேடை ஏறினாள்.

விழா அன்று அதிகாரியின் ஜீப் ஏரிக்கரை வழியாக வந்தது. நவரை நட்டு இரண்டு பக்கமும் பயிர் பிடித்துத் தளதளவென்று நின்ற நேரம். அந்தப் பச்சைக்கு நடுவில் வந்து இறங்கிய மனிதருக்கு மாலை போட்டு உட்கார வைத்தார்கள். அக்கா ரெட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன் கட்டி, திக்காமல் திணறாமல் பேசினாள். எங்கள் ஊர் வானம் பார்த்த ஊர் என்றாள். ஏரி உண்டு, நீர் இல்லை என்றாள். முன்னோர் உழுதார்கள், மண் ஒன்றும் கொடுக்கவில்லை என்றாள். ஊரே கை தட்டியது. பின்வரிசையில் அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா பரிசு கொடுத்து, "குழந்தைங்க உண்மையைப் பேசும்னு சொல்லுவாங்க," என்று மைக்கில் சொன்னார். டீச்சர் மட்டும் கை தட்டாமல் மேடை ஓரத்தில் நின்றார். பெரிய வாத்தியார் அவரிடம் போய், "பாத்தீங்களாம்மா, ஒண்ணும் வெளையாத ஊரு. வெளிய போகணும்னு இதுக்குத்தான் சொன்னேன்," என்றது எனக்குக் கேட்டது.

மாசியில் நோட்டீஸ் வந்தது. தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள். எங்கள் கழனி முழுவதும் அதில் இருந்தது. ஆட்சேபணை இருந்தால் விசாரணையில் சொல்லலாம் என்றார்கள், விசாரணையும் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. எங்களை வெளியே மரத்தடிக்கு அனுப்பிவிட்டு உள்ளே மேசை போட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். வந்தவர் அதே அதிகாரிதான்.

அப்பாதான் முதலில் எழுந்தார். "மூணு போகம் வெளையுற நஞ்ச சார் இது. இத்த எடுத்துக்கினா நாங்க இன்னா பண்ணுவோம்?"

அதிகாரி அடங்கலைப் புரட்டினார். "தரிசுன்னு இருக்கு. போன வருஷமும் தரிசு. அதுக்கு முன்னாடியும் தரிசு."

"அது சும்மா எழுதுறது சார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருங்க, பயிரு நிக்குது."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லித்தானே எழுதினாங்க? விழாவுல ஒரு பொண்ணு பேசிச்சே, இந்த ஊர் மண்ணு ஒண்ணும் கொடுக்கலன்னு. அது யார் பொண்ணு?"

கணக்கப்பிள்ளை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார். "வாம்மா. சார் கேக்கறாரு, உண்மைய சொல்லு."

அக்கா உள்ளே போய் மேசை முன்னால் நின்றாள். "மூணு போகம் சார். போன சொர்ணவாரிக்கு நானே நாத்து நட்டேன்," என்றாள்.

"அப்ப அன்னிக்குச் சொன்னது?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு நிமிஷம் அவமானப்பட்டிருப்பார், அவ்வளவுதான்.

"டீச்சர் எழுதிக் குடுத்தது சார்," என்றார் அப்பா. "வெளியூரு டீச்சர். நம்ம ஊரப் பத்தி இன்னா தெரியும் அவங்களுக்கு? புள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்க."

ஊரே ஆமாம் போட்டது. அக்கா வாயைத் திறந்து, மூடினாள். வராந்தாவில் நின்றிருந்த டீச்சரை உள்ளே கூப்பிட்டார்கள். கையில் சாக்பீஸ் தூள் இருந்தது.

"நான் எழுதிக் கொடுக்கலை சார். நான் கேட்டேன், இவங்க சொன்னாங்க. வீடு வீடாப் போய்க் கேட்டேன்," என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் நுழைந்த வீட்டுக்காரர்கள்தான். ஒரு தலைகூட அசையவில்லை.

அதிகாரி அடங்கலை மூடினார். "ஒண்ணு ஊர் பொய் சொல்லுது, இல்ல டீச்சர் பொய் சொல்றாங்க. எதுவா இருந்தாலும் கணக்குல தரிசுதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காலனியில் யாரையும் விசாரணைக்குக் கூப்பிடவே இல்லை. பட்டா இல்லாதவர்களுக்கு ஆட்சேபணை ஏது? கழனியில் என்ன விளைந்தது என்று காலில் புண்ணோடு சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு நிலமும் இல்லை, பிறகு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. நமக்குத் தரிசு விலையாவது வந்தது, அதில் சிலர் பைக் வாங்கினோம்.

டீச்சர் மேல் ஊர் மனு கொடுத்தது. பாடம் நடத்தாமல் பிள்ளைகளைத் தெருத் தெருவாக அலையவிடுகிறார் என்று. அப்பாவின் கையெழுத்து முதலில். மாற்றல் வந்த நாளில் அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மதியப் பஸ்ஸில் போய்விட்டார். அக்கா பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினாள், பஸ் கிளம்பியிருந்தது. களிமண் ஏரி வெயிலில் வெடித்துக் கிடந்தது. பெரிய வாத்தியார் அதை உடைத்துக் கக்கூசுக்குப் பின்னால் கொட்டச் சொன்னார்.

பரீட்சை நெருங்கிவிட்டது. மறுபடியும் ஸ்கேல், மறுபடியும் தொழிற்புரட்சி. வேலி போட்ட வரி வந்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"சார், வேலி போடறதுக்கு முன்னாடி அந்தக் குடியானவங்கள யாரும் கேக்கலியா? உங்க நெலத்துல இன்னா வெளையுதுன்னு?"

பெரிய வாத்தியார் ஸ்கேலைக் கீழே வைத்தார். "அவங்கள யாரும் கேக்கலம்மா. அதான் பாவம்," என்றார்.

"எங்கள கேட்டாங்க சார்," என்றாள் அக்கா.

அவர் ஜன்னல் வழியாகக் கழனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அந்தப் பக்கம் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். பிறகு உட்கார் என்று கை காட்டிவிட்டு, அடுத்த வரியைச் சொல்லச் சொன்னார்.

அந்த நவரையை அறுக்கவிட்டார்கள். சொர்ணவாரி நடவில்லை.

அக்கா பத்தாவதோடு நின்றுவிட்டாள். இப்போது ஒரகடத்தில் தென்மாவட்டத்துப் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறாள். அப்பா அவளிடம்தான் இருக்கிறார். அந்த விசாரணையைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அக்கா மகள் தனியார் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ப்ராஜக்ட் கொடுத்திருக்கிறார்களாம், தொழிற்சாலைகள் வருவதற்கு முன் உங்கள் பகுதி எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வர வேண்டுமாம். செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அப்பா முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா மறுவேளைச் சமையலுக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்து காம்பு கிள்ளினேன்.

"தாத்தா, கம்பெனி வரதுக்கு முன்னாடி நம்ம எடத்துல இன்னா இருந்துது?"

அப்பா போனைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. பொட்டக் காடு. ஒண்ணும் வெளையல. கம்பெனிக்காரன் வந்துதான் ஊரே ஆச்சு," என்றார். குரலில் பயம் இல்லை. நிலமே இல்லாதவரிடம் யார் வரி கேட்கப் போகிறார்கள்? வாயைக் கட்டிக் காப்பாற்ற இனி எதுவும் இல்லாத மனிதர், அதே வார்த்தைகளை, சாவதானமாகச் சொன்னார். எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த கத்தி பீன்ஸ் மேல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணுமே வெளையலன்னா அப்ப நீங்கல்லாம் இன்னா சாப்ட்டீங்க தாத்தா?"

ஊருக்குள் எத்தனையோ பேர் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இதைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. அப்பா மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார், அன்றைக்கு விசாரணையில் ஜன்னல் கம்பியைப் பார்த்துக் கூப்பிட்டாரே, அதே முகம்.

அக்கா நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை அவரே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.